காத்திருந்தால் முறை வரும் என்று சொன்னவன் எழுதுவது

அன்பு மகன் குமரனுக்கு,

இங்கே அனைவரும் நலம். ஓசூரில் ஒரு வேலை அமைந்திருக்கிறது என்று சென்ற வாரம் நீ தொலைபேசியில் சொன்னபோது, "தனியார் வேலையெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டேன். நீ மறுபேச்சில்லாமல் வைத்துவிட்டாய். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவே இதை எழுதுகிறேன், பேசினால் தடுமாறிவிடுவேன்.

நான் பத்தாம் வகுப்பு முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்துக்கொண்டு உன் தாத்தாவோடு வயலில் நின்றவன். பதிவு மூப்பு, அதாவது பதிந்த வரிசைப்படி என் முறை, வந்ததும், 1988-இல், அரசு வேலைக்கான நேர்காணல் அட்டை வீடு தேடி வந்தது. காத்திருந்தால் நம் முறை வரும் என்பதை அன்று கற்றுக்கொண்டு, அதையே உனக்கும் ஊட்டினேன். ஆனால், அந்த வரிசையே இன்று இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நில்லாமல் விளம்பரம் செய்தும் ஆள் எடுக்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பதிவு மூப்பு மெல்ல மெல்ல மதிப்பிழந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

2022 ஜூலை 24 அன்று அரசுப் பணிக்காக நீ எழுதிய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 7,301; விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர்; எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். இடங்களைப் பின்னர் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டியும், ஓர் இடத்துக்கு நூற்றைம்பது பேருக்கு மேல் நின்றீர்கள். முடிவு வர எட்டு மாதங்கள் ஆயின. இருநூறு கேள்விகளில் இரண்டு குறைந்து கட்-ஆஃப் தவறியபோது, "இன்னும் கொஞ்சம் படித்திருக்கலாம்" என்றேன். அந்த இரண்டு கேள்விகளுக்கு இடையே எத்தனை ஆயிரம் பிள்ளைகள் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் சொன்ன சொல் அது, தம்பி. அது உன் குறையன்று.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பற்றிப் படித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் வேலையில்லாதோர் 3.4 விழுக்காடு, பட்டதாரிகளில் 29.1. படிக்காத பிள்ளை கிடைத்த கூலிக்குப் போய்விடுகிறான், வேறு வழியில்லை. படித்தவனோ படிப்புக்குத் தக்க வேலைக்காகக் காத்திருக்கிறான், அந்த வேலைதான் படித்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உருவாகவில்லை. படிக்கவைத்துவிட்டால் போதும் என்று நிலத்தை அடமானம் வைத்த எனக்கு இந்தக் கணக்கு இரவெல்லாம் நெஞ்சில் நின்றது.

ஓசூருக்குப் போ. ஆனால், ஒரகடத்தில் எட்டு மாதம் உழைத்த பின் ஒப்பந்தம் முடிந்ததென்று உங்கள் குழுவையே ஒரே நாளில் அனுப்பியதை மறந்துவிடாதே. கம்பெனி ரோலா, காண்ட்ராக்டரின் ஆளா என்பதை முதலில் கேள். வருங்கால வைப்பு நிதியான பி.எஃப்., மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. ஆகியவற்றுக்குப் பிடித்தம் உண்டா, பணி நேரம் எட்டு மணியா பன்னிரண்டா என்பதையும் நியமனக் கடிதத்தில் எழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடு. இதையெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்காதே. தேர்வு எழுத விருப்பமிருந்தால் அங்கிருந்தும் எழுதலாம். விருப்பமில்லையென்றால் என் பொருட்டு எழுத வேண்டாம்.

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வா. "பையன் என்ன செய்கிறான்?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுத்துவிடாதே. நகல் மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா