ரவி அண்ணாவுக்கு: ஜூன் 2 மேடைக்கு நான் வரவில்லை

அன்புள்ள ரவி அண்ணா,

கரீபியத் தீவான குரசாவின் பியானோ இசையை நீங்கள் வாசிக்கும் ஜூன் 2 நிகழ்ச்சிக்கு வீரி (பல்வெட்டிய இரும்பைக் கம்பியால் இழுத்துத் தாளம் போடும் வாத்தியம்) வாசிக்க நான் வரவில்லை. போனில் சொன்னால் வழக்கம்போலப் பேசிப் பேசியே சம்மதிக்க வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுத்தில். அறிவிப்பில் என் பெயரும் போய்விட்டது; கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் பொதுவில். ஒத்திகையில் யார் யார் இருந்தார்கள், என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் இங்கே வராது. அது நமக்குள் இருக்கட்டும்.

இசையை மட்டும் எழுதுகிறேன். பிரச்சினை ஒரே ஒரு பாரில், அதாவது ஒரு தாளச் சுற்றில் இருக்கிறது.

வால்ஸின் (பாருக்கு மூன்று பீட் வரும் நடன இசை) இரண்டாம் பகுதி, மெட்டு துள்ள ஆரம்பிக்கும் இடம். ஒரு பாரை ஆறு அரை பீட்டாக எண்ணிப் பாருங்கள். இடது கைக்கு 1, 4, 5-இல் மட்டுமே வேலை. 1-இல் பாஸ் (கீழ் ஸ்வரம்), 4-இலும் 5-இலும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்). 3-இல், அதாவது வியன்னா வால்ஸில் இரண்டாவது பீட் விழுகிற இடத்தில், ஒன்றும் கிடையாது. 1-உம் 4-உம் சேர்ந்து பாரை மூன்று மூன்றாக இரண்டு துண்டாக்குகின்றன. உடனே 5 வந்து, இல்லை, இது மூன்று பீட்தான் என்கிறது. ஒரே கையில் இரண்டு கணக்கு. வலது கை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயலாம், கீழே இரண்டும் தயாராக இருக்கிறது.

நீங்கள் 4-ஐ 3-க்கு இழுத்தீர்கள். அரை பீட்தான். என் வீரி 4-இல் விழுந்தது. எழுத மாட்டேன் என்று மேலே சொன்னேன், இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதிவிடுகிறேன்: "பக்கவாத்தியம் பின்னாடி வரலாம், இவ்வளவு பின்னாடியா?" என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பியானோ முன்னால் போய்விட்டது என்று அங்கே சொல்லியிருக்கலாம். நொட்டேஷன் படிக்கவே உங்களிடம் கற்றவன், அத்தனை பேர் நடுவில் உங்கள் இடது கையைத் திருத்துவது எப்படி? அதற்காக என்னை மன்னியுங்கள் என்று கேட்கவா, நீங்கள் கேளுங்கள் என்று எதிர்பார்க்கவா, தெரியவில்லை.

சரிசெய்வது கஷ்டமே இல்லை. தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 90 தட்டில் வையுங்கள், ஒரு பாருக்கு மூன்று தட்டு. இடது கையை மட்டும் வாசியுங்கள்: பாஸ் முதல் தட்டில், முதல் கார்டு இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் சரியாக நடுவில், அடுத்தது மூன்றாம் தட்டில். அது ஊறியதும் மெட்ரோனோமை 60-க்கு இறக்குங்கள். கையின் வேகத்தை மாற்றாதீர்கள். இப்போது பாருக்கு இரண்டே தட்டு, இரண்டாவது தட்டு நேராக முதல் கார்டின் மேல் விழும். விழவில்லை என்றால் நீங்கள் இன்னும் வியன்னாவில்தான் இருக்கிறீர்கள். அடுத்தது பெடல். 1-இல் மிதித்தால் 3 வருவதற்குள் எடுத்துவிட வேண்டும். உங்களுக்குப் பெடல் பாரின் கடைசிவரை நீள்கிறது. பாஸின் கார்வை அந்தக் காலி இடத்தை அடைத்துவிடுவதால்தான் 4-இல் வரும் கார்டு உங்கள் காதுக்கே தாமதமாகப் படுகிறது. இன்னொன்று, 4-ஐ 5-ஐவிட மெலிதாக வாசிக்கக் கூடாது. மெலிந்தால் அது தயக்கம்போலக் கேட்கும்.

டான்ஸாவில் (இரண்டு பீட் நடன இசை) தவறு வேறு. அங்கே 2/4 பாரை எட்டாகப் பிரித்தால் இடது கை 3+1+2+2. மேலே வலது கையில் இரண்டு ஸ்வரத்தின் நேரத்தில் மூன்று வரும்போது கீழே அந்த 3+1 குழைந்து திஸ்ரமாகிவிடுகிறது. வலது கை நெகிழட்டும், இடது கை நெகிழக் கூடாது என்பது என் கட்சி. இதில் நீங்கள் வாதம் செய்யலாம், கேட்டுக்கொள்கிறேன். வால்ஸில் கேட்க மாட்டேன்.

இந்த இடது கை எங்கிருந்து வந்தது என்பதை அச்சடித்த நிகழ்ச்சித் தாளில் எழுதாமல் விட்டீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கோபம். குரசாவின் இசையமைப்பாளர் யான் ஜெரார்ட் பாம் 1831 ஜூன் 2-இல் பிறந்தார் என்று போட்டிருக்கிறீர்கள். 'மறக்கப்பட்ட மேதை' என்றும் போட்டிருக்கிறீர்கள். யார் மறந்தார்கள்? குரசாவில் யாரும் மறக்கவில்லை. பியானோ, ஆர்கன், லூட், கிளாரினெட், புல்லாங்குழல், மேண்டலின் எல்லாம் வாசித்தார் என்று வித்தை காட்டுவதுபோல அடுக்கியிருக்கிறீர்கள். ஏன் வாசித்தார் என்பது இல்லை. டச்சு ஆட்சியில் ஒரு சின்னத் தீவு. 1859 முதல் குடிமக்கள் காவல்படையின் வாத்தியக் குழுவுக்கு அவர்தான் தலைவர். அங்கே குழல் வாத்தியம் தெரிய வேண்டும். புராட்டஸ்டண்ட் கோட்டைத் தேவாலயத்தில் ஆர்கன். யூதர்களின் எமானுவேல் ஆலயத்திலும் ஆர்கன். இகுவல்தாத் ஃப்ரீமேசன் லாட்ஜிலும் அவரே. ராத்திரி நடன வீடுகளுக்கு வால்ஸும் டான்ஸாவும் மசூர்காவும் டும்பாவும் வேண்டும். ஒரே வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே பிழைப்பு நடக்காது. பேரன் யாகோபோ பாமும் அப்படித்தான்: பியானோ, வயலின், புல்லாங்குழல், அதோடு சாந்தா அன்னா தேவாலயத்தில் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆர்கன். இப்படி நாலு இடத்தில் உழைத்தவர் பியானோ முன் உட்கார்ந்தால் இடது கையில் ஒரு குழுவே இறங்கிவிடுகிறது. 1-இல் பாஸ் வாத்தியம், 4, 5-இல் கிதாரும் வீரியும். அதை நீங்கள் 'துணைக் கை' என்று வாசிக்கிறீர்கள்.

இன்னொரு இசையமைப்பாளர் விம் ஸ்டாட்டியஸ் முல்லரை, போலந்து மேதை ஷோப்பினின் பெயரால் 'குரசாவின் ஷோப்பின்' என்று போட்டிருப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள். ஆனால் அவர் யாகோபோவிடம் படித்தவர், ஜூலியார்டுக்குப் போனவர், ஒஹையோவில் சொல்லிக்கொடுத்தவர், அதற்குப் பிறகு டச்சு உளவுத் துறையிலும் நேட்டோவிலும் வேலை பார்த்து, 1995-இல் ஓய்வு பெற்றுத் தீவுக்குத் திரும்பியவர். 2019 வரை இருந்தார். இத்தனை இருக்க, ஷோப்பின் எதற்கு?

பக்கத்துத் தீவான அருபாவின் பாடு லாம்பேயைச் சேர்த்தது நல்ல முடிவு, அதற்கு நன்றி. பியானோவும் வாசித்தவர், ஓவியமும் தீட்டியவர். ரூஃபோ வெவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய வால்ஸ்தான் 1976 மார்ச் 18 முதல் அருபாவின் தேசிய கீதம். மூன்று பீட்டுக்கு ஆடாமல் அசையாமல் நிற்கிற ஜனங்கள், பாவம்.

காய் ஓர்கெல் ஒலிப்பதிவைக் கேட்கக் கொடுத்ததும் நீங்கள்தான். (படிக்கிற மற்றவர்களுக்கு: பெயரில்தான் ஆர்கன், உள்ளே இருப்பது தந்தியும் சுத்தியலும். மர உருளையில் ஆணி அடித்திருக்கும், கைப்பிடியைச் சுற்றினால் ஆணி சுத்தியலைத் தூக்கிவிடும், சுத்தியல் தந்தியில் அடிக்கும். உருளையைப் பக்கவாட்டில் ஒரு இம்மி நகர்த்தினால் அடுத்த பாட்டின் ஆணிகள் நேருக்கு வரும்.) ராத்திரி வெகுநேரம் ஹெட்போனின் ஒரு பக்கம் உங்கள் காதில், மறு பக்கம் என் காதில். நான் இந்த இசைக்குள் வந்ததே அப்படித்தான், அதை மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியை இன்னொரு தடவை கேளுங்கள் அண்ணா. பியானோக்காரர் அதில் இல்லை. அவர் வாசிக்க வேண்டியதையெல்லாம் ஆணியாக அடித்துவிட்டார்கள். சுற்றுகிறவருக்குப் பக்கத்தில் நின்று வீரியை இழுக்க மட்டும் இன்னும் ஒரு ஆள் வேண்டும். எது பக்கவாத்தியம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது கொஞ்சம் அதிகம்தான். அழிக்கப் போவதில்லை.

வேறு ஆளை ஏற்பாடு செய்வீர்கள். அவரிடம் சொல்ல வேண்டியவை: வீரியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தால் இரும்பு ஊமையாகிவிடும், விரல் நுனியில் நிற்கட்டும். கம்பியைப் பல்லுக்குக் குறுக்கே நேராக வைத்து அழுத்தினால் சிக்கும். சற்றுச் சாய்த்து, எடையில்லாமல் இழுக்க வேண்டும். வால்ஸில் நான் வைத்தது 1-இல் நீள இழுப்பு, அதை 3-க்கு முன் நிறுத்தி, 4, 5-இல் குட்டை இழுப்பு. உங்களுக்குப் பின்னால் அல்ல, இடது கை தெரிகிற பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். மைக்கைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், கரகரப்பு பியானோவின் மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும். நாலடி தள்ளி வைத்தால் போதும். என் வீரியையும் கம்பியையும் கொடுத்தனுப்புகிறேன், நிகழ்ச்சி முடிந்ததும் திருப்பிக் கொடுங்கள்.

அவருக்குச் சம்பளம் உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு. என்னிடம் பேசிய தொகை அல்ல.

அன்புடன்,
செல்வம்