பூரிக்கட்டைக்கு வராத கூச்சம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒரு பெண் மேடையில் தனியாக நின்று ஜோக் சொன்ன ஸ்டாண்ட்-அப் நிகழ்ச்சியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "மாமியாரையும் படுக்கையறையையும் முடிச்சுப்போட்டுக் கைதட்டல் வாங்கும் அளவுக்குப் பெண்களின் நகைச்சுவை இறங்கிவிட்டது." எழுதியவர் அரங்குக்கு வரவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. போனில் சுற்றிய நாற்பது விநாடித் துண்டைப் பார்த்திருக்கிறார். அந்தத் துண்டில் ஜோக்கின் முன்பாதியே கிடையாது.

முழு ஜோக் இது: "எங்க வீட்ல ஒரே ஒரு பெட்ரூம். கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. 'இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா'ன்னு மாமியார் கேக்குறாங்க. எங்கேருந்து கேக்குறாங்க தெரியுமா? அந்த பெட்ரூம்லேருந்து."

இதில் எந்தச் சொல் ஆபாசம் என்று அடிக்கோடிட்டு அனுப்பினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தமிழில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காரும் என்பது தாங்கள் அறியாததல்ல. "மாமியார் பெட்ரூமிலிருந்து கேட்கிறார்" என்று இலக்கணமாகச் சொன்னால், சிரிப்பு வரவேண்டிய சொல் நடுவில் மாட்டிக்கொண்டு செத்துவிடும். அதனால்தான் மேடையில் வினையை முன்னால் சொல்லி, ஒரு 'தெரியுமா' போட்டு, இடத்தைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை நொடியாவது வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். தாம்பத்திய ஜோக்குக்கு இந்த இடைவெளி கொஞ்சம் கூடுதலாகவே தேவை. ஜோடியாக வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். பெரும்பாலும் கல்யாணமான பெண் யாராவது ஒருத்தர் தொடங்கிவைப்பார். சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது அதன்மேல் இன்னொரு வரி: "அதுவும் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு." இதற்கு டேக் என்று பெயர். அவசரப்பட்டு அரை நொடி முன்னால் விட்டால் முதல் சிரிப்பும் அறுந்துபோகும், டேக்கும் யார் காதிலும் விழாது. தங்கள் கட்டுரையாளர் இதையெல்லாம் இடித்து, 'முடிச்சுப்போட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். ஜோக்கைக் கொன்றுவிட்டுப் பிணம் நாறுகிறது என்பது என்ன நியாயம்?

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம் என்பதுதான் ஓப்பன் மைக், ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடத்தில், நேரம் முடியப்போகிறது என்று பின்னாலிருந்து டார்ச் அடிப்பார்கள். நிமிடத்துக்கு நான்கு சிரிப்பாவது விழுந்தால்தான் அந்த ஐந்து நிமிடம் தேறும். அந்தரங்க விஷயத்தை முதல் நிமிடத்தில் எடுக்கவே கூடாது, அப்போது கூட்டம் மேடையில் நிற்பவள் சுடிதாரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். (தங்கள் கட்டுரையாளர் கடைசிவரை அதையேதான் பார்த்திருக்கிறார். இரண்டாம் பத்தி முழுக்க உடை விவரம்.) பார்வையாளர் மேல் வெளிச்சம் இருந்தாலும் இந்த ஜோக் படுத்துவிடும், பக்கத்து நாற்காலிக்காரர் பார்க்கிறாரே என்று ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார். நாற்காலிகளைத் தள்ளித்தள்ளிப் போட்டாலும் அதே கதிதான். இவ்வளவையும் தாண்டி வாங்கிய கைதட்டல் அது.

"படுக்கையறையை விட்டால் இவர்களுக்குப் பேச விஷயமில்லையா?" என்றும் கேட்டிருக்கிறார். அமெரிக்க நகைச்சுவைக்காரி அலி வாங்கின் 'பேபி கோப்ரா' நிகழ்ச்சி 2016இல் நெட்ஃபிளிக்ஸில் வந்ததைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். ஏழு மாதம் தாண்டிய வயிறு, உடம்பைப் பிடித்த சின்னக் கவுன், ஒரு மணி நேரம். நன்றாகப் படித்த பையனாகப் பார்த்து வளைத்துப்போட்டு, வேலையை விட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுக்கத்தான் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே போகிறார். நடுவில் படுக்கையறை வருகிறது, கரு கலைந்த கதையும் வருகிறது. கடைசியில்தான் வெடி: மாப்பிள்ளைக்கு 70,000 டாலர் கடன், அடைத்தது இவர். யார் யாரை வளைத்தார்கள் என்பது அப்போதுதான் தெரியும். அதிலிருந்து நாற்பது விநாடி வெட்டினால் படுக்கையறை மட்டும்தான் மிஞ்சும்.

வேஷமில்லாமல் இப்படி நிற்பதற்கு முன்னால் எத்தனை வேஷம் போட்டாயிற்று! அமெரிக்காவில் அந்தக் காலத்து மேடை நகைச்சுவைக்காரி மாம்ஸ் மேப்ளி தொளதொள உடையும் தொப்பியுமாகப் பொக்கைவாய்க் கிழவியாக வந்துதான் இளவட்டங்கள் மேல் உள்ள ஆசையைப் பேசினார். அந்த வேஷத்தைத் தொடங்கியபோது அவர் கிழவியே இல்லை. அங்கேயே இன்னொரு நகைச்சுவைக்காரி பிலிஸ் டில்லர் 1955இல் சான் பிரான்சிஸ்கோவில் மேடையேறியபோது வயது 37, பிள்ளைகள் ஐந்து. நல்ல உடல்வாகைச் சாக்குப்பை மாதிரி உடைக்குள் மறைத்துக்கொண்டு, தன் உடம்பைத் தானே கிண்டலடித்தார். அவர் ஜோக் எழுதிச் சேர்த்த அட்டைகள் 50,000க்கு மேல், ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளோடு இருக்கின்றன. பேச விஷயமில்லாதவர்! மும்பையின் ஸ்டாண்ட்-அப் கலைஞர் அதிதி மித்தலுக்குக்கூட இதைப் பேச டாக்டர் மிஸஸ் லுட்சுக்கே என்ற பாலியல் ஆலோசகர் வேஷம் வேண்டியிருந்தது. நம்மூர் நலங்கில் மாப்பிள்ளையை வாரிப் பாடிய பாட்டிகள் மட்டும் ஒரு வேஷமும் போடவில்லை, அவர்களைக் கட்டுரை எழுதி யாரும் திருத்தவும் இல்லை.

தங்கள் துணுக்குப் பக்கத்தில் பூரிக்கட்டை எத்தனை வருடமாக ஓங்கியபடியே நிற்கிறது? மேனேஜர்-ஸ்டெனோ, டாக்டர்-நர்ஸ், சின்ன வீடு எல்லாம் குடும்பத்தோடு படிக்கும் நகைச்சுவை. அதே இதழில் அந்தரங்கக் கேள்வி-பதிலும் ஒரு பக்கம். அது மருத்துவம், சரி. ஒரு பெண் மைக்கைப் பிடித்துத் தன் வீட்டுத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னால் பண்பாடு பதறுகிறது. மகளிர் தினம் வந்தால் மட்டும் 'சிரிக்கவைக்கும் சிங்கப்பெண்கள்' என்று நான்கு பக்கம், அதிலும் பெயர்களில் எழுத்துப்பிழை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இனி ஜோக்கை மேற்கோள் காட்டினால் அதற்கு முன்னால் உள்ள மூன்று வரியையும் சேர்த்துப் போடுங்கள். பேச்சுத் தமிழை உரைநடையாக்காதீர்கள், 'தெரியுமா'வை வெட்டாதீர்கள். இந்த ஜோக்கையும் ஒருமுறை முழுதாக வெளியிடுங்கள். இடமில்லை என்பீர்கள். துணுக்குப் பக்கத்தில் ஒரு பூரிக்கட்டையை எடுத்தால் போதும், எண்ணிப் பார்த்துவிட்டேன், ஐந்து வரி சரியாக உட்காரும்.

இப்படிக்கு,
ஓப்பன் மைக்கில் டார்ச் அடிக்கும் வாசகி,
சென்னை – 41