பூங்காச் சிலைகளைப் பிள்ளைகளே வடிவமைக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி மாநகராட்சி ஆகிவிட்டது, இனி புதுப் பூங்காக்கள் வரும், பழையதையும் புதுப்பிப்பார்கள். அதற்கு முன்பே இதைச் சொல்லிவிட நினைக்கிறேன். நம் பக்கத்துப் பூங்காக்களில் எங்கே போனாலும் அதே சிமென்ட் மான், அதே பென்குயின் குப்பைத்தொட்டி, சித்திரை வெயிலில் உட்காரவே முடியாத தகரச் சறுக்குமரம், 'சிலைகளைத் தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. பிள்ளைகளுக்கான இடம்தானே, உனக்கு என்னப்பா வேணும் என்று அவர்களில் ஒருவரையாவது கேட்டோமா? 1989-ல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையில் விளையாட்டும் ஓர் உரிமை, தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்வதும் ஓர் உரிமை. இந்தியா 1992-லேயே அதை ஏற்றுக்கொண்டது.

நான் கேட்பது, பிள்ளைகள் வடிவமைத்து பிள்ளைகளே ஏறி விளையாடுகிற ஒரு சிற்பப் பூங்கா. அதற்கு வேண்டிய கைகள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. மண் வனையும் வேளார்கள் களிமண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, உள்ளே கூடாக வைத்து, பகுதி பகுதியாக வனைந்து ஒட்டி, ஆளை விட உயரமான புரவியையே சுட்டு எடுத்துவிடுகிறார்கள். அய்யனார் கோயிலுக்கு மண் குதிரைகளைத் தூக்கிப் போகும் புரவி எடுப்பில் குதிரையோடு காளையும் மதலை என்கிற பிள்ளை உருவமும் சேர்ந்து போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம். நம் வீட்டு முகப்புகளில் சுண்ணாம்புச் சுதை வேலை பார்த்த கொத்தனார் பரம்பரை இருக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் ஊற்றித் தரைக்குப் பூக்கல் போடுகிறார்கள், அந்த அச்சில் பூவும் கொடியும் வரலாம் என்றால் எட்டு வயசுப் பிள்ளை கிறுக்கிய பல்லியும் வரலாம்.

பள்ளிகளில் ஓவியப் போட்டி வைத்து முடித்துவிடாதீர்கள், தயவுசெய்து. பேப்பரில் வரைந்த யானைக்குப் பின்பக்கம் கிடையாது. ஈரக் களிமண்ணைக் கொடுத்தால் எங்கே கால் வைத்து ஏறலாம், எந்த ஓட்டைக்குள் புகுந்து ஒளியலாம், இரண்டு பேர் சேர்ந்து உட்கார இடம் இருக்கிறதா என்றெல்லாம் கை தானாகவே தேடும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையையும் அந்த வட்டத்தில் உட்கார வையுங்கள், வழி எவ்வளவு அகலம் வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். அப்புறம் அந்த மாதிரிகளை வேளாரும் கொத்தனாரும் பெரிதாக்கட்டும். சுட்ட மண் ஏறி மிதித்தால் உடையும், அதனால் ஏறுகிற உருவங்களைக் கம்பி கட்டி, செங்கல் வைத்து, முனை மழுக்கிப் பூசலாம், மண் உருவங்களை மர நிழலில் தனியாக வைக்கலாம். இடிக்கிற பழைய வீடுகளில் எவ்வளவோ பூக்கல் உடைந்து வீணாகப் போகிறதே, அதைப் பதிக்கலாம். சண்டிகரில் நேக் சந்த் உடைந்த வளையலையும் ஓட்டுச் சில்லையும் வைத்து உண்டாக்கிய பாறைத் தோட்டம் 1976-ல் திறந்ததிலிருந்து ஊருக்கே பெருமையாக நிற்கிறது.

எனக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். பிள்ளை மூன்று கால் குதிரை செய்தால் பெரியவர்கள் நாலாவது காலை ஒட்டிவிடுவார்கள், பச்சை முகத்துக்கு வேறு கலர் அடித்துவிடுவார்கள். அதனால் டெண்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பாதுகாப்புக்காக மாற்றுவதென்றாலும், செய்த பிள்ளையிடம் காட்டிக் கேட்ட பிறகுதான் மாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி.