பாஸ்வேர்டை எந்தக் கணினியில் மாற்றுகிறீர்கள் என்பதுதான் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் ஸ்பைவேர், அதாவது கணினிக்குள் ஒளிந்து தகவல்களைத் திருடும் நிரல், பற்றி வந்த குறிப்பைப் படித்தோம். கணினி மெதுவானால் சந்தேகப்படுங்கள், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், பிறகு ஆன்டிவைரஸ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள் என்று அதில் இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பில்லை. ஆனால் அந்த வரிசைப்படி செய்கிறவர், ஸ்பைவேர் ஓடிக்கொண்டிருக்கும் அதே கணினியில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்டைத் தட்டுகிறார். பழையது போன வழியிலேயே புதியதும் போய்விடும். கணினிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த 'மெதுவாகும்' அறிகுறி. 2000-களின் தொடக்கத்தில் அது சரியாகவே இருந்தது. 2003 வாக்கில் பரவிய கூல்வெப்சர்ச் போன்றவை பிரவுசரின் முகப்புப் பக்கத்தையே மாற்றிவிடும், விளம்பரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் திறக்கும், கணினி திணறும். விளம்பரத்தில் காசு பார்த்தவை என்பதால் அவை கண்ணில் பட்டே தீர வேண்டியிருந்தது. இன்று பரவலாக இருப்பவை இன்ஃபோஸ்டீலர், அதாவது தகவல் திருடி, வகை. ரெட்லைன், விடார், லும்மா எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஓட ஆரம்பித்ததும் வேண்டியதை அள்ளி, ஒரே கோப்பாகக் கட்டி, வெளியே அனுப்பிவிடும். பெரும்பாலும் ஓரிரு நிமிட வேலை. சில, வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். மறுநாள் ஸ்கேன் செய்தால் 'எதுவும் இல்லை' என்று வரும், அது உண்மையும்கூட. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையான இரண்டு மாதங்களில் லும்மா புகுந்த விண்டோஸ் கணினிகள் மட்டும் 3,94,000-க்கும் மேல் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அவற்றின் உரிமையாளர்கள் எல்லோரும் 'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்று உணர்ந்திருக்க வாய்ப்பே இல்லை.

எதை அள்ளுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், தானாக நிரம்பும் கார்டு எண்கள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் கோப்புகள், சில நேரம் திரையின் ஒரு படம். இவற்றையெல்லாம் விட விலைமதிப்புள்ளது குக்கி. பாஸ்வேர்டும் ஓடிபியும் கொடுத்து மின்னஞ்சலுக்குள் நுழைந்தபின், 'இவர் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டவர்' என்று அந்தத் தளம் ஒரு நீளமான எழுத்துக் கோவையைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கிறது. அடுத்தடுத்த நாட்களில் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடுவது அதனால்தான். அந்தக் கோவையைத் திருடித் தன் பிரவுசரில் வைப்பவனையும் பல தளங்கள் அதே போல உள்ளே விட்டுவிடும். பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் வராது. 'டூ-ஃபேக்டர் போட்டிருந்தேன், எப்படிப் போனது?' என்று கேட்பவர்கள் பலருக்கும் பதில் இதுதான். சில தளங்களில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பழைய குக்கி செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற பட்டனை அழுத்தினால்தான் அது செத்துப்போகும்.

பிரவுசர் இவற்றைப் பூட்டி வைக்காதா? வைக்கிறது. ஆனால் விண்டோஸில் அந்தப் பூட்டின் சாவி வெகுகாலமாகப் பயனரின் கணக்கோடு சேர்ந்தே இருந்தது. அதே கணக்கில் ஓடும் எந்த நிரலும் திறந்துவிடலாம். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதிகூடத் தேவையில்லை. 2024 ஜூலையில் வந்த குரோம் 127-ஆம் பதிப்பில் கூகுள் இதை இறுக்கியது. சில மாதங்களுக்குள் திருடர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எனவே வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில் சேமிக்காமல், தனியாக ஒரு முதன்மைப் பாஸ்வேர்டு கேட்கும் பாஸ்வேர்டு மேனேஜரில் வைப்பதே நல்லது. அதுவும் திறந்தே கிடந்தால் பயனில்லை. சில நிமிடங்களில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள்.

திரையில் எழுத்துகளைக் காட்டி மவுஸால் சொடுக்கச் சொல்லும் விசைப்பலகை இருந்தால் கீலாகர் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். கீலாகர் நீங்கள் அழுத்தும் விசைகளைப் பதிவு செய்துகொள்ளும். ஆனால் பல ஸ்பைவேர்கள் திரையைப் படம் பிடிக்கும், காப்பி செய்ததைப் படிக்கும், படிவத்தை அனுப்பும் நொடியில் அதில் நிரப்பியதைப் பிரவுசருக்குள்ளிருந்தே எடுக்கும். அந்த விசைப்பலகையால் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம்.

இனி நுழையும் வழிகள். இன்று அதிகம் ஏமாற்றும் ஒன்றை வாசகர்கள் அடி அடியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏதோ ஒரு தளத்தில் 'நான் ரோபோ அல்ல' என்ற கட்டம் வரும். சொடுக்கியதும், சரிபார்ப்பை முடிக்க மூன்று காரியம் செய்யுங்கள் என்று காட்டும்: விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், கன்ட்ரோல்-வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள். முதலில் சொடுக்கியபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடம்) ஏற்றிவிட்டிருக்கும். விண்டோஸ், ஆர் விசைகளை அழுத்தியதும் திறக்கும் ரன் பெட்டி, கட்டளை தட்டும் இடம், சிறியது. நீண்ட கட்டளையை ஒட்டினால் கடைசிப் பகுதிதான் தெரியும். அந்தக் கடைசிப் பகுதியில் 'சரிபார்ப்பு எண்' என்பது போல எதையாவது எழுதி வைத்திருப்பார்கள். முன்னால் ஒளிந்திருப்பது பவர்ஷெல் அல்லது எம்எஸ்ஹெச்டிஏ (விண்டோஸிலேயே உள்ள, கட்டளைகளை ஓட்டும் நிரல்கள்) என்று தொடங்கும் கட்டளை. ஸ்பைவேரை இறக்கி ஓட்டுவது அதன் வேலை. நீங்களே தட்டி ஓட்டுவதால் பிரவுசரின் பதிவிறக்க எச்சரிக்கை எதுவும் குறுக்கே வராது. உண்மையான கேப்ட்சா, அதாவது 'நான் ரோபோ அல்ல' வகைச் சரிபார்ப்பு, எதுவும் ரன் பெட்டியையோ டெர்மினலையோ திறக்கச் சொல்லாது. சந்தேகம் வந்தால் கன்ட்ரோல்-வியை நோட்பேடில் அழுத்திப் பாருங்கள். முழு வரியும் தெரிந்துவிடும்.

அடுத்தது கிராக் செய்த மென்பொருள், விளையாட்டில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் 'சீட்' நிரல்கள். 'இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள், அது தவறாக எச்சரிக்கும்' என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தக் கோப்புகளில் ஒரு தந்திரம் உண்டு. ஜிப்பாக இருக்கும்போது சில எம்பி. விரித்தால் பல நூறு எம்பி. உள்ளே பெரும்பகுதி வெறும் பூஜ்ஜியங்கள். ஸ்கேனர்களுக்குக் கோப்பின் அளவில் ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டத்தான் இந்த ஊதல். ஜிப்புக்குப் பாஸ்வேர்டு போட்டு அதைப் பக்கத்திலேயே எழுதி வைப்பதும் ஸ்கேனர் உள்ளே பார்க்காமல் இருக்கத்தான்.

விண்டோஸ் தன் இயல்பில் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை மறைக்கும். அதனால் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்ற கோப்பு 'பில்.பிடிஎஃப்' என்றே தெரியும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் ஒருமுறை டிக் செய்துவிட்டால் இந்த ஏமாற்று எடுபடாது. பத்து நொடி வேலை, எல்லோரும் இன்றே செய்யலாம்.

எல்லாமே பயனரின் கவனக்குறைவால் வருவதும் அல்ல. 2017-இல், கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளை நீக்கும் சிசிளீனரின் 5.33 பதிப்பு, அதைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே, முறையான டிஜிட்டல் கையெழுத்தோடு, உள்ளே கள்ள நிரலுடன் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம், சில ஹெச்பி லேப்டாப்களில் ஒலிக்கான டிரைவர் (ஒலிக் கருவியை இயக்கும் நிரல்) ஒன்று, அழுத்திய எல்லா விசைகளையும் பப்ளிக் ஃபோல்டரில் பூட்டில்லாத ஒரு கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது தெரியவந்தது. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சிறு நிரல்) 2020-இல் வேறு கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூகுள் அதை நீக்கியது. வைத்திருந்தவர்கள் புதிதாக எதையும் இறக்கவே இல்லை. எப்போதோ போட்ட நல்ல நிரல்தான் கெட்டுப்போனது. எனவே 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்' என்று அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன்களில் தினமும் தேவைப்படாதவற்றை நீக்கிவிடுங்கள். வெறுமனே அணைத்து வைப்பதைவிட நீக்குவது மேல்.

சந்தேகமான விண்டோஸ் கணினியில் எங்கே பார்ப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். வெளியீட்டாளர் பெயர் இல்லாதவை, ஆப்டேட்டா ரோமிங் அல்லது டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடுபவை, சிஸ்டம் நிரல்களின் பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்திருப்பவை இவையெல்லாம் விசாரிக்க வேண்டியவை. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரையும் திறந்து பாருங்கள், ஒளிய வசதியான இடம் அது. இன்னும் ஆழமாகப் பார்க்க, தானாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும், மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் போதும். அதில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்து, கையெழுத்துச் சரிபார்ப்பை இயக்கினால் பட்டியல் கணிசமாகச் சுருங்கும். சந்தேகமானதை அழிக்காதீர்கள், டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கிப் பாருங்கள். தேவையான டிரைவராக இருந்தால் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

பலரும் பார்க்காத ஓர் இடம் உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில், வைரஸ் பாதுகாப்பின் மேனேஜ் செட்டிங்ஸுக்குள், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். 'இந்த இடத்தை ஸ்கேன் செய்யாதே' என்பது அதன் பொருள். இன்ஸ்டால் ஆகும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதிக்கு 'யெஸ்' சொல்லியிருந்தால், ஸ்பைவேர் தன் ஃபோல்டரை இதில் சேர்த்துக்கொள்ளும். பிறகு நாளைக்குப் பத்து முறை ஸ்கேன் செய்தாலும் சுத்தம் என்றே வரும். நீங்களாகச் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள். அதன்பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் உள்ள டிஃபெண்டர் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் தொடங்கும் முன்பே தேடும். சுமார் 15 நிமிடம் ஆகும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் ரூட்கிட்டுக்கு அப்போது ஒளிய இடம் கிடைக்காது.

சொந்தக் கணினியின் குரோம் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று சொன்னால் காரணம் தேடுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் அப்படிக் காட்டவைக்கும். ஆனால் நீக்க முடியாத ஒரு எக்ஸ்டென்ஷனும் கூடவே இருந்தால் கள்ள நிரல்தான் அதைத் திணித்திருக்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்கள் பிரைவஸி அண்ட் செக்யூரிட்டியில் அக்ஸஸிபிலிட்டி, இன்புட் மானிட்டரிங், திரைப்பதிவு, ஃபுல் டிஸ்க் அக்சஸ் ஆகிய நான்கிலும் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். மேக்குக்கு ஸ்பைவேர் வராது என்ற பேச்சு காலாவதியாகி வெகுநாள் ஆயிற்று.

ஆன்டிவைரஸ் ஒன்று போதும். இரண்டு ஒரே நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் கண்காணித்தால் ஒன்றோடொன்று மோதும்.

திருட்டு நடந்துவிட்டது என்று தெரிந்தால் வரிசை இப்படி இருக்க வேண்டும். கணினியின் வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். சந்தேகம் இல்லாத வேறொரு கருவியை எடுங்கள். அதிலிருந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கடிதம் அங்கேதான் வரும் என்பதால் அது முதலில். அதே கையோடு எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் செய்யுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா, யாருக்காவது கடிதங்கள் தானாகத் திருப்பிவிடப்படுகின்றனவா என்றும் பாருங்கள்; திருடன் பாஸ்வேர்டை இழந்தபின்பும் படித்துக்கொண்டிருக்கப் பயன்படுத்துவது இந்தத் திருப்பிவிடலைத்தான். பிறகு வங்கி, கார்டு, சமூக ஊடகம். கணினி கடைசியில். அதில் முக்கியமான வேலை நடக்குமானால், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதையே சொல்வோம். பழைய இன்ஸ்டாலர்களைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். பிரவுசரின் அமைப்புகளைக் கணக்கின் வழியே எல்லாக் கருவிகளுக்கும் கொண்டுபோகும் சிங்க் இயக்கத்தில் இருந்தால், கெட்ட எக்ஸ்டென்ஷன் புதுக் கணினிக்கும் தானாக வந்து சேரும். அதைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட்டுப் பிறகு சிங்கை இயக்குங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளுக்கு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் இனி வராது. அன்றாட வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத கணக்கு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். இன்ஃபோஸ்டீலரை அது தடுக்காவிட்டாலும், ஸ்பைவேர் டிஃபெண்டரின் அமைப்புகளை மாற்றுவதையும் கணினியில் ஆழமாக வேரூன்றுவதையும் தடுக்கும்.

ஒரு தனி எச்சரிக்கை. ஸ்பைவேரை வைத்தது யாரோ தூரத்துத் திருடன் அல்ல, கணவனோ மனைவியோ வீட்டிலுள்ள வேறொருவரோ என்ற நிலை உண்டு. தனிமையில் பேசியதும் தேடியதும் அவர்களுக்குத் தெரிந்திருப்பதே அறிகுறியாக இருக்கும். மேசைக் கணினியில் விசைப்பலகையின் கேபிளுக்கும் யுஎஸ்பி துளைக்கும் நடுவே விரல்நுனி அளவில் ஒரு துண்டு செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கீலாகர் அப்படியும் வரும், எந்த ஸ்கேனருக்கும் அது தெரியாது. இந்த நிலையில் உடனே அழிக்கச் சொல்லும் அறிவுரை ஆபத்தாகலாம். கண்காணிப்பு நின்றது வைத்தவருக்குத் தெரிந்துவிடும், சாட்சியமும் போய்விடும். வன்முறைக்கு அஞ்சுபவர்கள் அந்தக் கணினியை வழக்கம்போலவே பயன்படுத்திக்கொண்டு, உதவி தேடுவதை மட்டும் நம்பகமான வேறொருவரின் கருவியிலிருந்து செய்யட்டும். எப்போது நீக்குவது என்பதை, பாதுகாப்பான இடம் உறுதியானபின் முடிவு செய்யலாம். அடுத்த முறை ஸ்பைவேர் பற்றி எழுதும்போது இந்தப் பத்தியை மட்டுமாவது சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணினிப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்