வாய்க்காலுக்கு மேல் பலகைக்கல் போட்டவர்களுக்கு

திருநெல்வேலி, மே 2019

தஜிகிஸ்தானில், போக்தர் நகருக்கு வெளியே, பருத்திக்காட்டை ஒட்டியிருக்கும் மஹல்லாவின் (குடியிருப்பின்) பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்,

சலாம். இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்கள் தாஜிக் மொழியில் எனக்கு வலி எங்கே என்று கேட்கத் தெரியும், தேநீர் போதும் என்று சொல்லத் தெரியும் (அது ஒருநாளும் பலித்ததில்லை). மனசில் உள்ளதைச் சொல்லும் அளவுக்கு வராது. துஷான்பேயில் மருத்துவம் படிக்கும் மதுரைப் பையன் ஒருவன் உங்கள் நடுவில் உட்கார்ந்து வாசித்து, பெயர்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். என் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் வைக்கிறேன்.

நான் 2016இல் வந்து இறங்கியபோது உங்கள் நகரத்துக்குப் பெயர் குர்கான்தெப்பா. திரும்பும்போது போக்தர். பெயர்ப்பலகை மாறிய அந்த மூன்று வருஷத்தில் எனக்கும் கொஞ்சம் மாறிற்று. இயன்முறை மருத்துவம் படித்தவள் என்ற தைரியத்தில் வந்தவள் நான். தசை, மூட்டு, நரம்பு எல்லாம் தெரியும். வாசலில் ஓடுகிற வாய்க்காலைத்தான் பார்க்கத் தெரியவில்லை.

படிப்பவர்களுக்காக அந்த வாய்க்காலைச் சொல்லிவிடுகிறேன். அங்கே தெருவோரமாகப் பாசன நீர் ஓடும். ‘அரிக்’ என்பார்கள். வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் அதுதான் எல்லை. தாண்டிப்போக ஒரு பலகையோ மரத்துண்டோ கிடக்கும். பீபி, அதாவது பாட்டி, இரண்டு கையிலும் வாளியோடு அதில் நடந்து போவார். பேரனால் முடியாது. எட்டு வயது. இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிப்போன பிள்ளை. அப்பா ரஷ்யாவில் கட்டட வேலை. முற்றத்துத் தாப்சான் கட்டிலில் உட்கார்ந்து, கதவு இடுக்கு வழியாகத் தெருவைப் பார்ப்பதுதான் அவனுடைய பகல்.

நான்கு மாதம் பயிற்சி கொடுத்தேன். காலைத் தாங்கும் காலிப்பர் போட்டு, ஊன்றுகோலோடு கதவு வரை வந்துவிட்டான். அதற்கு மேல் இல்லை. நோட்டில் இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தேநீர் குடிக்க வந்த மஹல்லாவின் ரயிஸ் அகா, அதாவது தலைவர் அண்ணன், பையனைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். “இதில் நானே விழுவேன்” என்றார். மறு ஞாயிறு ஹஷார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹஷார் என்றால் ஊர் கூடித் தேர் இழுப்பது மாதிரி. கூலி கிடையாது, சோறு உண்டு. பழைய கல்ஹோஸ் (சோவியத் கால கூட்டுப்பண்ணை) மாட்டுக்கொட்டகை இடிபாட்டிலிருந்து கான்கிரீட் பலகை ஒன்றை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தீர்கள். பதினோரு பேர் கை வைத்தீர்கள். “தயோர்?” என்று ரயிஸ் அகா குரல் கொடுத்தது இப்போதும் காதில் இருக்கிறது. நாங்கள் ‘தயார்’ என்கிறோமே, அதே சொல்தான். ஆண்கள் பெரிய கொப்பரையில் ஓஷ் என்ற புலாவ் சமைத்தார்கள், காரட் வெட்டியது மட்டும் நான். சாயங்காலம் அந்தப் பையன் தெருவுக்கு வந்தான். யாரும் கைதட்டவில்லை. அதற்கு உங்களுக்குத் தனியாக நன்றி.

ஒன்றை உங்களிடம் சொல்லத் தயங்கித் தயங்கி ஒரு வருஷம் கழித்தேன். 2010இல் உங்கள் நாட்டில் 450க்கு மேற்பட்டோரைத் தாக்கிய போலியோ கிருமி, மரபணுவை ஆராய்ந்தபோது எங்கள் உத்தரப் பிரதேசத்துக் கிருமியோடு நெருங்கிய உறவுடையது என்று தெரிந்தது. உங்கள் நாடும் சேர்ந்த, உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய வட்டாரத்தில் போலியோ இல்லை என்று 2002இல் சான்று கொடுத்த பிறகு வெளியிலிருந்து புகுந்த முதல் வைரஸ் அது. பீபியிடம் சொன்னபோது, “உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வந்ததா?” என்று மட்டும் கேட்டார். வந்தது என்றேன். ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் வைத்தார்.

சோவியத் கால ஏற்பாட்டை நான் முழுக்கத் திட்ட மாட்டேன். ஆணையம் உட்கார்ந்து முதல் குழு, இரண்டாம் குழு, மூன்றாம் குழு என்று ஆளைப் பிரித்தாலும் ஓய்வூதியம் கொடுத்தது. பிள்ளைகளை ‘இன்டர்நாட்’ விடுதிகளில் சேர்த்தது, அங்கே சோறும் படிப்பும் இருந்தது. ஆனால் தெருவில் அவர்களைப் பார்த்துப் பழகாமலே இரண்டு மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் வேறு. பணம் போயிற்று, ஒளித்துவைக்கும் பழக்கம் போகவில்லை. நாங்கள் முதலில் ஏறிய பள்ளிக்கூடத்தில் “இவனுக்குத்தான் இன்டர்நாட் இருக்கிறதே” என்று திருப்பி அனுப்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஊர்க்காரர்களே சேர்ந்து செய்யும் மறுவாழ்வு என்ற யோசனைக்கு விதை விழுந்ததே 1978இல் அல்மா-அத்தாவில் கூடிய ஆரம்ப சுகாதார மாநாட்டில்தான். அன்றைக்கு அதுவும் சோவியத் மண்.

தன் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்ட முஅல்லிமாவுக்கு, அதாவது ஆசிரியைக்கு, நன்றி. தெருவைத் தாண்டி அடுத்த பள்ளியில் அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெண்மணி, ஊனமுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு ஆசிரியை; பதவிப் பெயர் ‘டிஃபெக்டாலஜிஸ்ட்’, ‘குறை நிபுணர்’ என்பது போல. கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பழகியபின், அந்தப் பட்டத்துக்குள் இவ்வளவு பொறுமையான ஒருத்தரா என்று தோன்றியது. ஊனமுற்றவரைத் தாஜிக்கில் ‘மஅயூப்’ என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள்ளேயே ‘அய்ப்’, அதாவது குறை, வெட்கம் இருக்கிறது. நாங்களும் ‘ஊனமுற்றோர்’ என்பதை ‘மாற்றுத்திறனாளி’ என்று மாற்றிக்கொண்டவர்கள்தான், வாசல்படிகளை மாற்றவில்லை.

வெள்ளைப் பாப்ளர் மரக் கழிகளை இழைத்து முற்றத்தில் நடைபயிலும் கம்பிகளாக நட்டுக் கொடுத்த தச்சர் உஸ்தோ அகா, எங்கள் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் மூங்கிலில் செய்வதை நான் வரைந்து காட்டினேன். நீங்கள் பார்த்துவிட்டு உயரத்தைத் திருத்தினீர்கள். திருத்தியது சரி. மர்ஷ்ருத்கா என்ற பங்கு வேன் ஓட்டும் அகாவுக்கு, முன் இருக்கைக்காக நன்றி.

தெருப் பையன்களே, உங்களுக்குத்தான் பெரிய நன்றி. ஆட்டுக் கணுக்கால் எலும்பு விளையாட்டில் அவனிடம் எல்லாவற்றையும் தோற்றீர்கள். ஆறு வருஷம் தாப்சானில் தனியாக உட்கார்ந்து பழகிய கை அது. “ஏமாற்றுகிறான்” என்று கத்தி, எலும்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினீர்கள். அவன் ஊன்றுகோலை வீசினான். அவன் அம்மா கதவருகே நின்று சிரித்துக்கொண்டே அழுததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் மொழியில் மருத்துவர் ‘துக்தூர்’, மகள் ‘துக்தர்’. என்னை முதல் வருஷம் பீபி எப்படிக் கூப்பிட்டார், மூன்றாம் வருஷம் எப்படிக் கூப்பிட்டார் என்று உங்களுக்குத் தெரியும்.

உஸ்தோ அகா, அளவு நோட்டு பீபி வீட்டு அலமாரியில் குர்ப்பச்சா மெத்தைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செப்டம்பர் 1இல் பள்ளி திறக்கும் முன் ஒருமுறை காலை அளந்துவிடுங்கள். வளர்கிற பிள்ளை, காலிப்பர் குட்டையாகியிருக்கும். அப்படியென்றால் துஷான்பே எலும்பியல் மையத்துக்குத்தான் போக வேண்டும். உள்தோலைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையது தொடையில் உராய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்புடன்,
உங்கள் துக்தூர்