மூடிய கண்ணாடி டூமில் கெட்டுப்போன 4 எல்இடி பல்புகள்: வாரண்டி மறுத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், பெரம்பூர், சென்னை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நாள்: 10.06.2025

ஐயா / அம்மா,

மார்ச் 2 அன்று உங்கள் இணையக் கடையில் 9 வாட் எல்இடி பல்பு 10 வாங்கினேன். பின் டைப், வெள்ளை வெளிச்சம், ஒன்று 135 ரூபாய், இரண்டு வருட வாரண்டி. அதில் 4 பல்பு போய்விட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு ஜூன் 5 அன்று உங்களிடமிருந்து வந்தது ஒரே வரி: "மூடிய ஃபிட்டிங்கில் பயன்படுத்தியதால் வாரண்டி பொருந்தாது."

இந்த வரியை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் ஒரு டிக்கெட் நம்பரைக் கொடுத்து வைத்துவிடுகிறார்கள்.

எங்களுடையது பழைய வீடு. மாடிப்படி, பாத்ரூம், வாசல், பின்கட்டு என நான்கு இடத்திலும் கூரையோடு ஒட்டிய பால் கண்ணாடி டூம்தான். மூன்று திருகை முடுக்கினால் காற்றுகூட உள்ளே போகாது. உள்பக்கம் 'அதிகபட்சம் 60 வாட்' என்று ஸ்டிக்கர் இருக்கும். இதையெல்லாம் படம் எடுத்து, வாங்குவதற்கு முன்பே உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, இதற்குள் போடலாமா என்று கேட்டேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "60 வாட் தாங்குற டூம் மேடம், 9 வாட்டுக்கு என்ன ஆகப்போகுது? எல்லா ஃபிட்டிங்குக்கும் செட் ஆகும்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நம்பி வாங்கினேன். அந்த உரையாடலின் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மாடிப்படி பல்பு ஏப்ரல் 27 அன்று போனது. தினமும் மாலை 6 மணிக்குப் போட்டு 12 மணிக்கு அணைப்போம். 56 நாள், நாளுக்கு 6 மணி நேரம்; மொத்தம் 336 மணி நேரம். உங்கள் பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. என் கணக்குப்படி அது பதினோரு வருடம் எரிந்திருக்க வேண்டும். அப்புறம் மே 9 அன்று பாத்ரூம் பல்பு. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் வாசலும் பின்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன.

நாலாவது போனதும் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஏணி போட்டு டூமைக் கழற்றினார். உள்ளே ஈசல் இறக்கை, காய்ந்துபோன ஒரு பல்லிக்குட்டி. பல்பின் கழுத்துப் பகுதியில், முன்பு வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக் டீ கறை மாதிரி பழுத்திருந்தது. மேல் மூடியை நெம்பித் திறந்து காட்டினார். சுண்டுவிரல் நகம் அளவு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) ஒன்று, தட்டையாக இருக்க வேண்டிய அதன் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. "அக்கா, குண்டு பல்புக்கு சூடு ஒரு பொருட்டே இல்ல. இதுக்குள்ள சர்க்யூட் இருக்கு. இதுக்குக் காத்து வேணும்" என்றார்.

ஸ்டிக்கரில் உள்ள 60 வாட் என்பது டூமும் ஹோல்டரும் தாங்கக்கூடிய சூட்டுக்கான அளவு. உள்ளே மாட்டும் பல்பு எவ்வளவு தாங்கும் என்பதை அது சொல்லவே இல்லை. குண்டு பல்பின் இழை 2,000 டிகிரிக்கு மேல் கனன்றுதான் வெளிச்சம் தருகிறது. சுற்றியுள்ள காற்று கொஞ்சம் சுட்டால் அதற்கு ஒன்றுமில்லை. எல்இடி வெறும் 9 வாட்தான். ஆனால் அதன் சூடு கழுத்து வழியாகக் காற்றில் இறங்கியாக வேண்டும். மூடிய டூமில் அது இறங்க இடமில்லாமல் உள்ளேயே தங்கி, பக்கத்திலிருக்கும் கெப்பாசிட்டரை வேகவைக்கிறது. இந்த வகை கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு. மே மாதச் சென்னையில், வெயிலில் காய்ந்த மொட்டை மாடிக்கு நேர் கீழே அந்த டூம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மீதி 6 பல்பும் இன்றுவரை எரிகின்றன. ஒரே நாளில் ஒரே பார்சலில் வந்தவை. திறந்த ஹோல்டரில் மாட்டியவை. ஆகவே உங்கள் பல்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. மூடிய இடத்துக்கு ஆகாத பல்பை ஆகும் என்று சொல்லி விற்றீர்கள், கெட்ட பிறகு என் தப்பு என்கிறீர்கள். என் புகார் இதுதான்.

மூடிய ஃபிட்டிங்கில் போடக் கூடாது என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பதாக உங்கள் ஆள் போனில் சொன்னார். தேடிப் பார்த்தேன். பெட்டியின் முன்பக்கம் மணி நேரம், மின்சாரச் சேமிப்பு, வாரண்டி. பக்கவாட்டில் வெளிச்சத்தின் அளவு 900 லூமென், வெளிச்சத்தின் நிறம் 6500 கெல்வின், பிஐஎஸ் தர முத்திரை. எச்சரிக்கை எங்கே என்றால், உள்ளே நாலாக மடித்த தாளின் கடைசி வரியில், ஆங்கிலத்தில், கடுகைவிடச் சிறிய எழுத்தில். பல்பை வாங்கி, பெட்டியைக் கிழித்த பிறகுதான் அந்தத் தாளே கைக்கு வரும். உங்கள் இணையப் பக்கத்தில் அந்த வரியும் இல்லை.

சாப்பாட்டு மேசை விளக்கில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் உண்டு. அதற்கும் இதே பல்பு போதும் என்றுதான் சொன்னார்கள். திருப்பினால் வெளிச்சம் குறையவில்லை. கண்ணைச் சிமிட்டி, வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது. டிம்மருக்கு ஏற்றது என்று தனியாகக் குறிப்பிட்ட பல்புதான் வேண்டுமாம். அதைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிவிட்டேன், ஒழுங்காக எரிகிறது. இதற்குப் பணம் கேட்கவில்லை.

நான் வீட்டில் ஆரி வேலை செய்கிறேன். இந்த வெளிச்சத்தில் அரக்கு நூலும் பிரௌன் நூலும் ஒன்றாகத் தெரிந்து ஒரு பிளவுஸின் கையைப் பிரித்துத் திரும்பப் போட்டேன். நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு சிஆர்ஐ என்று ஓர் எண் உண்டு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதைக் கேட்காமல் வாங்கியது என் தவறு, அதை உங்கள் தலையில் கட்ட மாட்டேன்.

நான் கேட்பது: 4 பல்புக்கான 540 ரூபாயைத் திருப்பித் தாருங்கள், அல்லது மூடிய ஃபிட்டிங்குக்கு ஏற்றது என்று எழுத்தில் உறுதி சொல்லி வேறு பல்பு தாருங்கள். அந்த எச்சரிக்கையைப் பெட்டியின் முன்பக்கத்தில், தமிழிலும், மணி நேரம் போட்ட அதே அளவு எழுத்தில் போடுங்கள். 'எல்லா ஃபிட்டிங்குக்கும் செட் ஆகும்' என்று சொல்வதை உங்கள் ஆட்கள் நிறுத்தட்டும்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது. 540 ரூபாய்க்கா இவ்வளவு என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

கெட்ட நான்கு பல்பும், அந்த மடித்த தாளும் ஒரு செருப்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆள் அனுப்புவதாக இருந்தால் மாலை 4 மணிக்கு மேல் அனுப்புங்கள். வாசல் விளக்கு எரியாது, காலிங் பெல்லைத் தடவித்தான் அழுத்த வேண்டும்.

இப்படிக்கு,
பெரம்பூர் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, வாட்ஸ்அப் உரையாடலின் படம், திறந்த பல்பின் படங்கள்