டி.டி.எஸ். மீட்டருக்கு உப்பு மட்டும்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைத் தண்ணீர் பற்றிய கட்டுரையில், வீட்டில் ஆர்.ஓ. சுத்திகரிப்பான் இருப்பவர்களுக்குக் கவலையில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எங்கள் வேளச்சேரி வீட்டிலும் ஆர்.ஓ. இருக்கிறது. போன மாதம் பேரனுக்கு விடாத வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி. தண்ணீரால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பானிபூரி சாப்பிடுகிற பையன்.

சர்வீஸ் பையன் வந்து டம்ளரில் டி.டி.எஸ். மீட்டரை விட்டான்; தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி அது. "எழுபது சார், சூப்பர் தண்ணி." சரி, மெம்பரேனை, அதாவது வடிகட்டும் சவ்வை, கழற்று என்றேன். வடிகட்டாத தண்ணீர் கலந்துவிடாமல் அடைக்க முனையிலிருந்த சீல், அந்த ரப்பர் ஓ-ரிங், தட்டையாகி, ஓரிடத்தில் கீறலும் விட்டிருந்தது.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். 900. புதிதில் மீட்டர் 30 காட்டியது. நூறு லிட்டருக்கு நாலரை லிட்டர் வடிகட்டாமலே கலந்தாலும் 70தான் வரும். உப்புக்கு அது ஒன்றுமில்லை. ஆனால் நூறு கிருமிக்கு நாலைந்து உள்ளே போய்விடுமே!

மெம்பரேன் மேல் குறையில்லை. ஜியார்டியாவின் சிஸ்ட், அதாவது கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் வடிவம், 8 முதல் 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்); கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி 4 முதல் 6. அல்ட்ராஃபில்ட்ரேஷன் என்ற இன்னொரு வகை மெம்பரேனின் துளையோ 0.1 மைக்ரானுக்கும் கீழே; ஆர்.ஓ. அதைவிடப் பொடிசு. முழுசாக இருக்கிற மெம்பரேனில் இவை நுழையவே முடியாது. கிழிசலிலும் சீலிலும்தான் நுழையும். அதனால்தான் பெரிய நிலையங்களில் நனைந்த மெம்பரேனுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பதில்லையா, அதே சமாச்சாரம். 99.99 சதவீதம் நீக்கம் என்றால்கூட, பத்து லட்சம் சிஸ்ட் வந்தால் நூறு தப்பிக்கும்.

குளோரின் போட்டால் போதாதா என்பார்கள். கிரிப்டோஸ்போரிடியம் அதற்கு அசையாது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கியில், குளோரின் போட்ட குழாய்த் தண்ணீரைக் குடித்துச் சுமார் நாலு லட்சம் பேர் படுத்தார்கள்.

அடுக்குமாடிச் சங்கங்கள் தண்ணீர் சுத்திகரிப்பு பிளான்ட்டுக்கு வருடாந்திர ஒப்பந்தம் போடும்போது, மீட்டர் ரீடிங்கோடு விட்டுவிடாமல் சீல் மாற்றிய தேதியையும் மெம்பரேன் கசிவுச் சோதனையையும் எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் சங்கத்தில் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார், டி.டி.எஸ். நல்லாத்தானே இருக்கு" என்றார் செயலாளர். அடுத்த கட்டுரையில் இதையும் எழுதுங்கள்.

ஓ-ரிங் மாற்றியாகிவிட்டது, மீட்டர் 32 காட்டுகிறது. பேரனுக்கு மட்டும் இன்னும் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர்,
சென்னை